தவலைக்குள் ஓர் அரைப்புள்ளி

சிகப்பி புத்தகத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டாள். பக்கத்தைப் புரட்ட விடவில்லை.

“அப்பச்சி, இருங்க. அப்ப ராணிக்கு மாப்பிள்ளை இல்லையா?”

“இருந்துச்சு. செத்துப்போச்சு. கல்யாணம் முடிஞ்சதும் ஆண் தேனீ செத்துருமாம். புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கு.”

“வேற மாப்பிள்ளை?”

“அதுவும் அப்படித்தான்.”

கொஞ்ச நேரம் யோசித்தாள். என் சின்ன மகள் அவள், அப்போது எட்டு வயது. யோசிக்கும்போது நாக்கு நுனி வெளியே வந்துவிடும். பிறகு மாடிப்பக்கம் அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்.

“அப்படின்னா நம்ம தவலைக்குள்ள இருக்கிற வீடு எத்தனை புள்ளி?”

“சாப்பிட நேரமாச்சு” என்று புத்தகத்தை மூடிவிட்டேன். பிள்ளைகள் கேட்கும் கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் சோற்றைக் காட்டித் தப்பிப்பது எனக்குப் பழக்கம். அன்றைக்குப் பதில் தெரிந்தே தப்பித்தேன்.

அந்தக் கேள்வி புரிய வேண்டுமானால் தவலையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வண்டு அடைஞ்சிருக்கு

சென்னை வீட்டைக் காலி செய்துவிட்டு, இரண்டு பெண் பிள்ளைகளோடு காரைக்குடியில் எங்கள் பொது வீட்டுக்கு வந்து சேர்ந்ததைப் போன வாரம் இந்தத் தொடரில் எழுதியிருந்தேன். என் மனைவி வள்ளி இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கம்ப்யூட்டரில் கட்டட வரைபடம் போடுகிற வேலை எனக்கு. அதை எங்கே உட்கார்ந்தும் செய்யலாம். சென்னையில் அவள் இல்லாத சமையலறையைப் பார்த்துக்கொண்டு செய்ய முடியவில்லை, அவ்வளவுதான்.

வீடு பங்காளிகள் எல்லோருக்கும் பொது. ஆளாளுக்கு ஓர் அறை உண்டு. அவர்கள் விசேஷத்துக்கு வந்து பூட்டைத் திறப்பார்கள், விசேஷம் முடிந்ததும் பூட்டிக்கொண்டு போவார்கள். நிரந்தரமாகக் குடியிருப்பது நாங்கள் மூவரும், பகலில் வந்து போகும் பாண்டியம்மாளும்தான். பாண்டியம்மாள் மானகிரியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, அந்தப் பெரிய வீட்டை ஒரே ஆளாகக் கூட்டித் தள்ளுகிறவர்.

ஒருநாள் மாடியிலிருந்து அவர் குரல் வந்தது.

“அண்ணே, கொஞ்சம் இங்குட்டு வந்து பாருங்க. ஆச்சி தவலையில வண்டு அடைஞ்சிருக்கு.”

ஆச்சி என்றது வள்ளியை; எங்கள் வீடுகளில் கல்யாணமான பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். மாடியில் எங்கள் பங்கு அறையில் அவளுடைய சீர்ப் பாத்திரங்கள் மரப் பலகைகளின் மேல் வரிசையாக இருக்கும். அண்டா, குண்டான், தூக்குவாளி, வெண்கலச் சட்டி என்று ஒரு கடையே வைக்கலாம். கல்யாணத்தன்று பரப்பி வைத்து ஊர் பார்த்ததோடு சரி, முக்கால்வாசி அடுப்பையே பார்த்ததில்லை. கடைசிப் பலகையில் ஒரு பித்தளைத் தவலை, வாய் சுவரைப் பார்க்கச் சாய்த்து வைத்திருந்தது. கழுத்தில் அவள் பெயரின் முதலெழுத்துகள் வெட்டியிருக்கும். அந்த எழுத்துகளின் மேல் ஏறி இறங்கி, பழுப்பு வரி போட்ட சின்னச் சின்னத் தேனீக்கள் உள்ளே போவதும் வருவதுமாக இருந்தன. மேலே காற்றுப் பலகணியில் ஒரு வண்ணக் கண்ணாடி உடைந்திருந்தது. அதுதான் அவற்றுக்கு வாசல்.

எங்கள் பக்கத்தில் ரீங்காரம் போட்டுக்கொண்டு பறப்பது எதுவானாலும் வண்டுதான். தேனீ என்பது பாடப்புத்தகத்தில் இருப்பது.

“வேப்பந்தழையைக் கொளுத்திப் புகை போட்டா ஓடிரும்ணே” என்றார் பாண்டியம்மாள்.

“கொல்லாதீக!” என்று சிகப்பி போட்ட கூச்சலில் தேனீக்களே இடம் மாறியிருக்க வேண்டும். மூத்தவள் உமையாளுக்குப் பன்னிரண்டு வயது. அவள் வாசற்படியில் நின்று தவலையைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் கீழே இறங்கிப் போய்விட்டாள். அந்த நாட்களில் அவள் எதற்குமே ஒன்றும் சொல்வதில்லை. நாலு பேர் இருக்கிற இடத்தில் அவள் வாயைத் திறந்து மாதக்கணக்காகியிருந்தது.

மூன்று புத்தகம்

கோடை விடுமுறை முழுவதும் கிடந்தது. தாயில்லாத இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அத்தனை நாளை எப்படித் தள்ளுவது என்று மலைத்துப்போயிருந்த எனக்கு, தேனீ ஒரு வேலை கொடுத்தது. எனக்குத் தேனீயைப் பற்றித் தேனுக்கு மேல் ஒன்றும் தெரியாது. புத்தகத்தை வைத்துச் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்று துணிந்துவிட்டேன்.

கையில் மூன்று புத்தகங்கள். ஒன்று, சென்னையிலிருந்து வந்த பெட்டியில் இருந்த ஆங்கிலப் படப் புத்தகம். இரண்டு, பழைய பேப்பர் கடையில் எடைக்குக் கிடந்த தேனீ வளர்ப்புக் கையேடு, தைத்திருந்த கம்பி துருப்பிடித்தது. மூன்று, ஏதோ மொழியிலிருந்து தமிழுக்கு வந்த சிறுவர் அறிவியல் புத்தகம்.

படப் புத்தகத்தில் கூட்டின் படத்தைக் காட்டினேன். வைக்கோலில் பின்னிக் கவிழ்த்து வைத்த கூடை.

“இது கோழிப் பஞ்சாரம்” என்றாள் சிகப்பி.

“அந்த ஊர்ல தேனீக்கு இதுதான் வீடு.”

“கோழிய எங்க அடைப்பாக?”

அடுத்த பக்கத்தில் மேடெல்லாம் ஊதா நிறத்தில் ஏதோ ஒரு பூ. அது எங்கே இருக்கிறது, வாசனை எப்படி இருக்கும் என்று அவள் கேட்டாள். நான் பார்த்திருந்தால்தானே சொல்வதற்கு. அதன் மேல் துண்டுக் காகிதம் ஒட்டி முருங்கைப் பூ வரைந்தேன். இன்னொன்றின் மேல் புளியம்பூ, வேப்பம்பூ. கட்டடம் வரைகிற கை பூ வரைந்தால் எப்படி இருக்கும்? வேப்பம்பூ ஜன்னல் கம்பி மாதிரி வந்தது. ஆனாலும் பின்கட்டுப் புளியமரத்தடியில் நின்று, ஒட்டிய படத்தையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்து, “ஆமா, அங்குட்டுத்தான் போகுதுக” என்று ஒத்துக்கொண்டாள்.

மூன்றாவது புத்தகத்தில் ஆண் தேனீயை ‘ட்ரோன்’ என்று அப்படியே போட்டிருந்தார்கள். “கல்யாணத்துல மேல பறந்து படம் புடிக்குமே, அதுவா?” என்றாள். காரைக்குடிக் கல்யாணங்களில் இன்றைக்கு மாப்பிள்ளை இல்லாவிட்டாலும் ட்ரோன் இருக்கும். அதனால் அவளைக் குறை சொல்ல முடியாது.

கையேட்டின் மொழி கறாரானது. “பணித்தேனீக்கள் யாவும் மலட்டுப் பெண்களே” என்று ஒரு வரி. மலட்டு என்றால் என்ன என்று சிகப்பி கேட்டாள். எட்டு வயதுப் பிள்ளையிடம் என்ன சொல்ல?

“கல்யாணமாகாத பொம்பளைப் பிள்ளைக” என்றேன்.

அந்த மழுப்பல் பிறகு எங்கே போய் நின்றது என்று பார்க்கத்தான் போகிறீர்கள்.

தேனீ வளர்ப்பவர் முகத்தில் வலை கட்டியிருக்கும் படத்தைப் பார்த்துவிட்டு, இட்லித் துணியை முகத்தில் கட்டிக்கொண்டு மாடிக்கு வருவாள். இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்து நோட்டில் குறிப்பு எடுப்பாள். ‘தேனீ கொட்டினால் பதறக் கூடாது’ என்று ஒரு நாள் கையேட்டிலிருந்து அவளுக்கு வாசித்துக் காட்டினேன். அன்று மாலையே ஒன்று என் காது மடலில் கொட்டியது. பதறி ஓடியதில் தலைவாசலின் தாழ்ந்த நிலைக்கட்டையில் இடித்துக்கொண்டேன். காது ஒரு பக்கம், நெற்றி ஒரு பக்கம் வீங்கி, இரண்டு நாள் பாண்டியம்மாள் என் முகத்தைப் பார்க்காமல் சிரித்துக்கொண்டே சோறு போட்டார்.

வள்ளி வாசித்த விதம்

உமையாள் இந்தப் பாடத்துக்கு வரவே இல்லை. அடுத்த அறையில் ஏதாவது எழுதிக்கொண்டிருப்பாள். கதவு மட்டும் திறந்திருக்கும்.

ஒரு நாள் படப் புத்தகத்தை உரக்க வாசித்துக்கொண்டிருந்தேன். ‘ராணித் தேனீ’ என்று சொன்னதும் அடுத்த அறையிலிருந்து குரல் வந்தது.

“ஆத்தா அப்படிச் சொல்ல மாட்டாக.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் புத்தகத்தை வள்ளி வாங்கியது உமையாளுக்கு. அவளுக்கு மூன்று, நாலு வயது இருக்கும்போது. சென்னையில் மம்மி டாடி என்று கூப்பிடக் கூடாது, ஆத்தா அப்பச்சி என்றுதான் கூப்பிட வேண்டும் என்று சட்டம் போட்டவள் வள்ளி. புத்தகத்தில் என்ன ஆங்கிலம் இருந்தாலும் அவள் வாயில் வரும்போது பள்ளத்தூர்த் தமிழாகத்தான் வரும். அவள் பிறந்த ஊர் அது. ராணித் தேனீயை அவள் ‘ராணி ஆச்சி’ என்பாள். ராணி ஆச்சி முட்டை போட்டாக, ராணி ஆச்சிக்கு உடம்புக்கு முடியல, இப்படிப் போகும் கதை. கதையில் இல்லாத சண்டை சச்சரவெல்லாம் வரும்.

ஒரு பக்கத்தில் காலிக் கூடு இருக்கும். படத்தில் ஒரு தேனீகூட இராது. சின்ன உமையாள் அந்தப் பக்கம் வந்தால் அழத் தயாராகிவிடுவாள். “எல்லாரும் எங்க?” என்பாள். வள்ளி கொஞ்சம்கூடக் கலங்காமல், “அவுக எல்லாம் வேலைக்குப் போயிருக்காக” என்று இழுத்துச் சொல்வாள். உடனே பிள்ளை முகம் தெளிந்துவிடும். தினமும் அதே கேள்வி, அதே பதில். பக்கத்து அறையில் வரைபடம் போட்டுக்கொண்டு நானும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

இப்போது கதவுக்கு அந்தப் பக்கம் உமையாள், இந்தப் பக்கம் நான். வள்ளி வாசித்த மாதிரி எனக்கு வாசிக்க வராது. அன்றைக்குப் பாடத்தை அத்தோடு நிறுத்திவிட்டேன்.

வருகைப் பதிவு

சொக்கலிங்க அண்ணன் வந்தது அந்த வாரத்தில்தான். என் பெரியப்பா மகன். பள்ளத்தூரில் இருக்கிறார். தமிழாசிரியராக இருந்து தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றாலும் வருகைப் பதிவு எடுக்கிற பழக்கம் போகவில்லை. நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் பெயர் வாசித்துவிடுவார்.

அந்த வருடம் படைப்பு எங்கள் வீட்டில். பங்காளிகள் கூடி, முன்னோருக்குப் படையல் போட்டு, ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற நாள் அது. யார் யார் வருகிறார்கள் என்று எழுத அண்ணன் நீளமான ஒரு நோட்டோடு வந்திருந்தார்.

எங்கள் நகரத்தார் வீடுகளில் குடும்பத்தைப் புள்ளி என்று எண்ணுவோம். கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி. இருவரில் ஒருவர் போய்விட்டால் இருப்பவர் அரைப்புள்ளி. கல்யாணமாகாத பிள்ளைகள் கணக்கில் வர மாட்டார்கள். பெண் பிள்ளைகள் கல்யாணமான பிறகும் மாப்பிள்ளை வீட்டுப் புள்ளியில்தான் சேர்வார்கள். காலம் காலமாக இப்படித்தான். நானும் அதுவரை இதில் யோசிக்க ஒன்றும் இருப்பதாக நினைத்ததில்லை.

அண்ணன் வாசித்தார். “மெய்யப்பன், ஒண்ணு. லெட்சுமணன், ஒண்ணு. அண்ணாமலை…” என்று என் பெயருக்கு வந்தவர் சற்று நிறுத்தினார். “அரை.”

உமையாள் அவருக்குக் காபி கொண்டு வந்துகொண்டிருந்தாள். டம்ளரை மேசையில் வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். சிகப்பிதான் கேட்டாள்.

“பெரியப்பச்சி, நாங்க அரையா?”

அவர் நல்ல மனிதர். மழுப்பத் தெரியாதவர். நான் மேலே சொன்ன அத்தனையையும் வகுப்பில் நடத்துவதுபோல அவளுக்கு விளக்கினார். நோட்டையும் காட்டினார்.

“பாரு, உங்க அப்பச்சி பேருக்கு நேரா ஒண்ணு இருக்கா? அதை நான் அடிக்கல. அதுக்குக் கீழ ஒரு கோடு, அதுக்குக் கீழ ரெண்டு. அம்புட்டுத்தான். இந்த நோட்டுல ஏறுன எதையும் நான் இதுவரைக்கும் அடிச்சதில்ல.”

அவருக்கு அது மரியாதை. எனக்கு அந்தச் சின்னக் கோட்டிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. கட்டட வரைபடத்தில் ஆயிரம் கோடு போட்டிருக்கிறேன், ஒரு கோடு இத்தனை கனமாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பிறகு சமையலுக்கு வேண்டிய பாத்திரங்களைப் பார்க்க மாடிக்கு வந்தார். தவலையைப் பார்த்ததும் இரண்டடி பின்வாங்கினார்.

“என்னப்பா இது? பிள்ளை குட்டியெல்லாம் வர்ற இடம். பந்தல் போடுற அன்னைக்குப் புகை போட்டு விரட்டிட்டு, தவலையத் துலக்கிருவோம். தண்ணி காய்ச்ச இதுதான் தோது.”

“சரிண்ணே” என்றேன்.

சிகப்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். தேனீ எத்தனை நல்லது என்று மூன்று புத்தகத்தை வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் பாடம் நடத்திய ஆள் நான். ஒரே வார்த்தையில் ‘சரிண்ணே’. அண்ணன் சொல்வதிலும் நியாயம் இருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், அரை என்று வாசித்த பிறகு எதிர்த்துப் பேச எனக்குத் துணிவு வரவில்லை.

நோட்டை எங்கள் வீட்டு மேசையிலேயே வைத்துவிட்டுப் போனார். “அடிக்கடி சேர்க்க வேண்டி வரும், இங்கயே கெடக்கட்டும்” என்றார்.

சிகப்பி பக்கத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தவலைக்குள் எத்தனை புள்ளி என்று என்னிடம் கேட்டது அதற்கு இரண்டு நாள் கழித்து.

தவலை இறங்கும் நாள்

பந்தக்கால் ஊன்றியாகிவிட்டது. அண்ணனோடு சமையல் மேஸ்திரியும் வந்திருந்தார். பாண்டியம்மாள் ஒரு கூடை வேப்பந்தழையோடு மாடிப்படி அருகில் நின்றார். பழைய சாக்கும் தயாராக இருந்தது. இட்லித் துணியை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சிகப்பி அவருக்கு முன்னால் படியை அடைத்து உட்கார்ந்திருந்தாள்.

யார் பங்கிலிருந்து என்ன பாத்திரம் என்று அதே நோட்டில் பெயர்களுக்கு நேரே குறித்திருந்ததை அண்ணன் மேஸ்திரிக்கு வாசித்தார்.

“லெட்சுமணன், அண்டா ஒண்ணு. அண்ணாமலை, குண்டான் ரெண்டு, தவலை ஒண்ணு. தவலை வீடு, ராணி ஆச்சி…”

வாசித்த வேகத்தில் போய்விட்டு நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“இதென்ன? தவலை வீடு, ராணி ஆச்சி. நேரா அரைப்புள்ளி போட்டிருக்கு. நோட்டுல மத்ததெல்லாம் எண்ணு. இது மட்டும் எழுத்துல வர்ற அரைப்புள்ளி.”

எட்டிப் பார்த்தேன். என் பெயருக்கு அடுத்த வரியில் பென்சிலால் எழுதியிருந்தது. மேலே ஒரு புள்ளி, கீழே கால் முளைத்த ஒரு புள்ளி. வாக்கியத்தின் நடுவில் போடுவோமே, அந்தக் குறி. ‘தவலை வீடு’ என்பது சிகப்பியின் கோணல் எழுத்து. ‘ராணி ஆச்சி’யும் அரைப்புள்ளியும் அவளுடையதல்ல. நிமிர்ந்த, அழுத்தமான எழுத்து. அந்த எழுத்து யாருடையது என்று எனக்குத் தெரியும்.

“யாரு எழுதுனது?”

“நாங்கதான் பெரியப்பச்சி” என்று சிகப்பி எழுந்து நின்றாள். “அவுக மாப்பிள்ளை செத்துப்போச்சு. மத்தவுக எல்லாம் கல்யாணமாகாத பொம்பளைப் பிள்ளைக. நீங்க சொன்ன கணக்குப்படி மொத்த வீடும் அரைதான்.”

அண்ணனுக்குள் இருந்த தலைமையாசிரியர் விழித்துக்கொண்டார். நோட்டை மடியில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

“எத்தனை பிள்ளைக?”

“ஆயிரக்கணக்குலன்னு கையேட்டுல போட்டிருக்கு. நாங்களும் எண்ணிப் பாத்தோம். முடியல.”

“வீட்டைக் கூட்டுறது?”

“பிள்ளைக.”

“சாப்பாடு கொண்டாறது?”

“பிள்ளைக.”

“வாசல்ல காவல்?”

“அதுவும் பிள்ளைகதான்.”

“ஆம்பளைக ஒண்ணுமே செய்யமாட்டாகளா?”

“சாப்பிடுவாக.”

பாண்டியம்மாள் வேப்பந்தழைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினார். மேஸ்திரி மரியாதைக்கு வேறு பக்கம் பார்த்தார்.

அண்ணனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. “சரி, பென்சில்ல தானே இருக்கு. அழிச்சிருவோம்” என்றார்.

“ஏறுன எதையும் அடிக்க மாட்டேன்னு சொன்னீகளே?”

“அடிக்கிறது வேற, அழிக்கிறது வேற…” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். தமிழ் வாத்தியாருக்குத் தான் சொல்வது எப்படிக் காதில் விழுகிறது என்று தெரியாமல் இருக்குமா?

நோட்டைக் கண்ணருகே கொண்டுவந்தார். அந்த வரியையும் அதற்கு மேலே இருந்த என் வரியையும் பார்த்தார். “அரைப்புள்ளின்னா வாக்கியம் இன்னும் முடியலைன்னு அர்த்தம்” என்றார், யாருக்கும் இல்லாமல், பழைய வகுப்பறைக் குரலில். பிறகு என்னிடம் திரும்பினார்.

“கொட்டுனா யாரு பொறுப்பு?”

‘சரிண்ணே’ சொன்ன நாளிலிருந்து நெஞ்சில் வைத்திருந்தது வாயில் வந்தது. “நான்ணே. அதுக பலகணி வழியாப் பின்னாடி புளியமரத்துக்குத்தான் போகுதுக, பந்தி போடுற வளவுப் பக்கம் வர்றதில்ல. பிள்ளை ஒரு மாசமாப் பாத்து எழுதி வச்சிருக்கா. மாடியறைய நான் பூட்டிர்றேன். தவலை இறங்காது.”

அண்ணனுக்கு முன்னால் நான் ‘இறங்காது’ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் மறுப்பார் என்று காத்திருந்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, பென்சில் எழுத்தின் மேலேயே மை ஏற்றினார். தவலை வீடு, ராணி ஆச்சி, அரைப்புள்ளி. ஓர் எழுத்தைக்கூட மாற்றவில்லை.

“மேஸ்திரி, வாடகைக் கடையில ஒரு தவலை சொல்லிருங்க.”

வீடு நிறையப் பித்தளையை வைத்துக்கொண்டு வாடகைத் தவலையில் தண்ணீர் காய்ச்சினால் பங்காளிகள் என்ன பேசுவார்கள் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னார். பாண்டியம்மாள் தழையை ஆட்டுக்குப் போட எடுத்துக்கொண்டு போனார்.

என் பெயருக்கு நேரே இருந்த ஒன்றும், கோடும், இரண்டும் அப்படியேதான் இருந்தன. அதை மாற்ற யாராலும் முடியாது.

படைப்பன்று

முற்றத்தைச் சுற்றிய வளவு நிறைய ஆட்கள். படையல் முடிந்து, சாம்பிராணிப் புகையும் மாவிளக்கு வாசனையும் இன்னும் இருந்தன. இலை போடுவதற்கு முன் அண்ணன் நடுவில் நின்று நோட்டைத் திறந்தார். பெயர் வாசிக்காமல் அவருக்குச் சோறு இறங்காது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

“மெய்யப்பன், ஒண்ணு.”

“இருக்கேன்ணே.”

“லெட்சுமணன், ஒண்ணு.”

“இருக்கேன்.”

“அண்ணாமலை, அரை.”

அவர் இதை முதலில் வாசித்த அன்று நான் தலையைத் தூக்கவில்லை. இந்தத் தடவை சிகப்பி என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிர்ப்பக்கம் தூணில் சாய்ந்து உமையாள்.

“இருக்கோம்ணே” என்றேன்.

அண்ணன் டிக் போட்டார். அடுத்த வரிக்குப் போனார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், மற்றவர்களை வாசித்த அதே குரலில் வாசித்தார்.

“தவலை வீடு, ராணி ஆச்சி. அரை.”

விஷயம் தெரியாதவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யார் அந்த ஆச்சி, எந்த ஊரில் வாக்கப்பட்டவர் என்று பெண்கள் பக்கம் முணுமுணுப்பு. அண்ணன் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். வருகைப் பதிவில் பதில் வராமல் அவர் டிக் போடுகிறவர் இல்லை. சிகப்பிக்கு நாக்கு நுனி வெளியே வந்துவிட்டது.

தூணருகிலிருந்து குரல் வந்தது. மாதக்கணக்காக நாலு பேர் முன்னால் கேட்காத குரல். வார்த்தைகளும் இழுப்பும் அப்படியே வள்ளியுடையவை.

“அவுக எல்லாம் வேலைக்குப் போயிருக்காக.”

அண்ணன் டிக் போட்டார். இலை எடுத்து வருகிற சாக்கில் நான் பின்கட்டுக்குப் போனேன். புளியமரத்தில் அவர்கள் எல்லோரும் வேலையில்தான் இருந்தார்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, இலைக்கட்டோடு திரும்பி வந்தேன்.